ஒரே வகுப்பில் மூன்று ‘தாத்தா’: தரம் 3 ஆசிரியை ஒருவரின் கடிதத்திற்குப் பதில்

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 3 இற்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை ஒருவர் ஆறு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் முதலான அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். இது அவருடைய முதல் நியமனம். வகுப்பில் 27 பிள்ளைகள்: 22 பேர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் பிள்ளைகள், மூவர் கடைவீதியிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், ஒருவன் வீட்டில் தமிழும் சிங்களமும் பேசி வளர்பவன். எஞ்சிய ஒரு சிறுமியைப் பற்றித்தான் கடிதத்தின் பெரும்பகுதி. அவளுடைய தந்தை அதே தோட்டத்தைச் சேர்ந்த தமிழர், தாய் சிங்களவர். கொழும்பில் முதல் இரண்டு தரங்களையும் சிங்கள மொழிமூலம் படித்தவள். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனதும், தந்தை அவளைத் தன் தாயின் லயக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழும்பு வேலைக்குத் திரும்பிவிட்டார். ஐந்து மாதங்களாக வகுப்பில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ‘வகுப்பில் தமிழ் மட்டும்’ என்று ஆசிரியை முதல் வாரத்திலேயே விதி வைத்திருந்தார். ஆகவே, அப்பியாசக் கொப்பியின் பின்பக்கங்களில் அவள் சிங்களத்தில் எழுதிவைத்திருந்ததைக் கண்டதும் இரண்டு தாள்களைக் கிழித்து மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டார். தொலைபேசியில் பேசும்போது தாயும் தமிழிலேயே பேசவேண்டும் என்று அப்பாயியிடம் (தந்தையின் தாயிடம்) சொல்லி அனுப்பினார். அவளை நகரத்துச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பலாம், அல்லது எழுத்துப் பழகத் தரம் 1 இல் இருத்தலாம் என்பது அதிபரின் யோசனை. மற்றப் பிள்ளைகளின் எழுத்தில் ‘தோட்டப் பேச்சு’ நிறைந்திருப்பதும் ஆசிரியைக்குப் பெரிய கவலை. “அந்தச் சிறுமி மெல்லக் கற்பவளா? இந்தப் பிள்ளைகளைச் சரியான தமிழுக்குக் கொண்டுவர நான் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். ‘என் தாத்தா’ என்று படம் வரையச் சொன்னீர்கள். லயத்துப் பிள்ளைகள் தடியூன்றிய முதியவரை வரைந்தார்கள். முஸ்லிம் சிறுமி ஒருத்தி முக்காடிட்ட இளம்பெண்ணை வரைந்தாள். பேசாத அந்தச் சிறுமியோ முச்சக்கர வண்டிக்கு அருகில் காற்சட்டையுடன் நிற்கும் ஓர் இளைஞரை வரைந்தாள். இருவருடைய தாளிலும் ‘கேள்வியைக் கவனி’ என்று எழுதிக் கொடுத்தீர்கள். இந்த நாட்டின் பல முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் ‘தாத்தா’ என்றே அழைக்கிறார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு அப்பா என்று பொருள். இருவரும் கேள்வியைக் கவனித்திருக்கிறார்கள், தத்தம் வீட்டுப் பொருளில் சரியாகவும் விடையளித்திருக்கிறார்கள். ஐந்து மாதங்களாக வாய் திறக்காத பிள்ளை அன்று உங்கள் சொல்லைக் கேட்டு, விளங்கி, தூரத்தில் இருக்கும் தன் அப்பாவை வரைந்து உங்களிடம் நீட்டியிருக்கிறாள். அவள் உங்களோடு பேசத் தொடங்கியது அன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதை உங்களைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதவில்லை. பல பின்னணிகளிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பது எப்படி என்று போதிய பயிற்சி தராமலேயே இளம் ஆசிரியர்களை மலைக்கு அனுப்பிவைக்கிறோம். உங்கள் கடிதம் முழுவதும் அக்கறையால் எழுதப்பட்டது. அந்த அக்கறை நான்கைந்து பிழையான நம்பிக்கைகளின்மேல் நிற்கிறது என்பதே என் கருத்து. அவை திருத்திக்கொள்ளக் கூடியவை, அதற்குக் காலமும் கடந்துவிடவில்லை.

பின்பக்கத்தில் இருந்தது குழப்படி அல்ல

மெல்லக் கற்பவளா என்ற கேள்விக்கு, உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்த்தால், அப்படிக் கருத எந்த ஆதாரமும் இல்லை என்பதே என் பதில். எதிரான ஆதாரம்தான் உங்கள் இலாச்சிக்குள் இருக்கிறது. எட்டு வயதில் தானாக இரண்டு தாள் எழுதக்கூடிய பிள்ளை எழுத்தறிவு பெற்ற பிள்ளை. அவளுக்குத் தெரியாதது தமிழ் எழுத்து மட்டும்தான். வாசிப்பது என்றால் என்ன, ஒலியை எழுத்தாக்குவது எப்படி என்பதை அவள் ஏற்கனவே கடந்துவிட்டாள்.

ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கிறது என்பது மொழிக்கல்வியில் நன்கு நிறுவப்பட்ட விடயம். கனடாவில் பணியாற்றிய அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் இதை விரிவாக எழுதிவந்தார். தமிழ்–சிங்கள எழுத்துகளுக்கிடையில் இந்த உதவி இன்னும் நெருக்கமானது. இரண்டிலும் உயிர்க்குறிகள் மெய்யைச் சுற்றியே அமைகின்றன. ‘கெ’ என்று எழுத நாம் இடப்பக்கம் போடும் குறியைக் கொம்பு என்கிறோம், சிங்களத்திலும் அது இடப்பக்கமே வருகிறது, அதன் பெயரும் ‘கொம்புவ’. ‘கொ’ எழுதும்போது இரு புறமும் குறியிடுவதும் அப்படியே. ஆகவே தரம் 1 பிள்ளைக்கு ஓராண்டு எடுக்கும் வேலையை, நாளுக்கு இருபது நிமிடம் தனியாக ஒதுக்கினால் இவள் சில வாரங்களில் முடித்துவிடக்கூடும்.

அவள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. சிங்களத்தில் p போன்ற வல்லொலிக்கும் b போன்ற அதிரும் ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ‘பம்பரம்’ என்று எழுதினால் முதல் பகரம் ஒரு விதமாகவும் இரண்டாவது பகரம் வேறு விதமாகவும் ஒலிக்கும். நமக்கு இது தோன்றவே தோன்றாது, அவளுக்கோ எழுத்து ஏமாற்றுவதுபோல இருக்கும். இதை வாய்விட்டு விளக்கிச் சொல்லுங்கள். லகர ளகர வேறுபாடும் ணகர னகர வேறுபாடும் சிங்களப் பேச்சில் இல்லை, ழகரம் அந்த மொழியிலேயே இல்லை. இவற்றில் அவள் செய்யும் பிழைகளைக் குறைந்தது ஓராண்டுக்குப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அவளுடைய மௌனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம். அந்தக் காலத்தில் அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவளுக்கு அதோடு இன்னும் மூன்று சேர்ந்திருக்கின்றன: தாய் கடல் கடந்து போயிருக்கிறார், தந்தை உடன் இல்லை, தெரிந்த மொழிக்கோ வகுப்பில் தடை. இத்தனையும் ஒரே தவணைக்குள் வந்தால் பெரியவர்களே பேச்சிழந்து போவார்கள்.

‘தமிழ் மட்டும்’ என்ற விதி

இந்த விதியை எடுத்துவிடுங்கள். நீங்கள் பாடம் நடத்தும் மொழி தமிழாகவே இருக்கட்டும், பிள்ளைகள் எழுதிக் கொடுப்பதும் தமிழாகவே இருக்கட்டும். விளங்கிக்கொள்ளும் வழியில் எந்த மொழியும் வரலாம். இரு மொழியும் தெரிந்த பையனை அவளுக்கு அருகில் அமர்த்தினால், அவன் இரண்டு சொல்லில் சொல்லிக் கொடுப்பது நீங்கள் பத்து நிமிடம் சைகை காட்டுவதைவிடப் பயன்படும். ஆனால் அவனை நாள் முழுவதும் மொழிபெயர்ப்பாளனாக்கிவிட வேண்டாம், அவனும் எட்டு வயதுப் பிள்ளைதான்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய செய்தியை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான். குவைத்திலிருந்து இரவில் வரும் அழைப்பில் தாயும் மகளும் தங்களுக்கு வராத மொழியில் பேச முயன்றால், “சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா” என்பதைத் தாண்டி எதைச் சொல்ல முடியும்? வீட்டில் பள்ளிக்கூட மொழியையே பேசினால் பிள்ளை வேகமாக முன்னேறும் என்பது பலரும் நம்புகிற தவறான எண்ணம். பெற்றோர் தமக்கு நன்றாக வரும் மொழியில் கதை சொல்லி, கேள்வி கேட்டு, விளக்கம் கொடுத்து வளர்க்கும் பிள்ளைக்கே சிந்தனை வளர்கிறது. அது எந்த மொழியானாலும் பள்ளிக்கூடத்திற்கு இலாபம்தான். தாயிடம் தாராளமாகச் சிங்களத்தில் பேசச் சொல்லுங்கள். தமிழைக் கொடுக்க அப்பாயியும் நீங்களும் அந்த 26 பிள்ளைகளும் இருக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவள் ஓராண்டில், அல்லது இரண்டாண்டில், விளையாட்டிடத்தில் மளமளவென்று தமிழ் பேசுவாள். அதை வைத்து ‘இனிப் பிரச்சினை இல்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். பேச்சுமொழி வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும், பாடப்புத்தகத்தின் மொழியில் சமவயதினரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கமின்ஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே இருப்பதால், அந்தப் பெறுபேற்றை வைத்து அவளுடைய அறிவை எடைபோட வேண்டாம் என்று தந்தையிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

சிவப்பு மையைப் பற்றி

நீங்கள் அனுப்பிய மாதிரித் தாளில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது: “எங்க அம்மா வெள்ளன பெரட்டுக்கு போகும். கொழுந்து நெறுத்துட்டு வரும்.” இதில் ‘எங்க’, ‘பெரட்டு’, ‘போகும்’, ‘நெறுத்துட்டு’, ‘வரும்’ என எல்லாவற்றின் கீழும் சிவப்புக் கோடு இருக்கிறது. ‘வெள்ளன’ மட்டும் தப்பியிருக்கிறது. அது உங்கள் ஊரிலும் வழங்கும் சொல் என்பதால்தான் தப்பியதோ என்று தோன்றுகிறது. ‘வாங்கோ’, ‘உங்கட’ என்று நீங்கள் பேசுவதும் பாடப்புத்தகத் தமிழ் அல்லவே. தமிழர்கள் எல்லோருமே ஒன்றைப் பேசி மற்றொன்றை எழுதுகிறோம். உங்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு, உங்கள் வீட்டுப் பேச்சு ஒரு மூலையிலிருந்து எழுத்துத் தமிழை நோக்கி நடக்கிறது, அவர்களுடையது வேறொரு மூலையிலிருந்து நடக்கிறது என்பது மட்டுமே.

ஆகவே அந்தக் கோடுகளைப் பிரித்துப் பாருங்கள். ‘எங்க’ என்பது ‘எங்கள்’ ஆகவேண்டும், ‘நெறுத்துட்டு’ என்பது ‘நிறுத்துவிட்டு’ ஆகவேண்டும். இவை எழுத்து வழக்குக்கு மாற்றவேண்டியவை, அதைக் கற்பிப்பது உங்கள் கடமையும்கூட. ‘போகும்’ என்பதை மரியாதைக் குறைவு என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அம்மாவை அப்படிச் சொல்வது அந்த வீட்டில் நெருக்கத்தின் மொழி. எழுதும்போது ‘போவார்’ என்று எழுதப் பழக்குங்கள், மரியாதை தெரியாத பிள்ளை என்று மட்டும் எண்ணாதீர்கள். ‘பெரட்டு’ என்பதற்கோ திருத்தமே இல்லை. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு அந்த மக்களிடம் உள்ள பெயர் அது. அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் எந்தச் சொல்லை வைப்பீர்கள்?

செய்துபார்க்கக் கூடிய ஒன்று: கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ‘வீட்டில் சொல்வது’, மறுபக்கம் ‘கொப்பியில் எழுதுவது’ என்று எழுதுங்கள். இடப்பக்கத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும். பாட்டிக்கு ‘அம்மாயி’ வரும், ‘உம்மும்மா’ வரும், நீங்கள் உங்கள் ‘அம்மம்மா’வையும் சேர்த்துவிடுங்கள். ‘தாத்தா’வை நடுவில் எழுதி மூன்று கோடுகள் இழுத்து மூன்று படங்களையும் ஒட்டுங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் குடும்பம் பற்றிய பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கற்பித்தல் சாதனம் கடையில் கிடைக்காது. மேசை, அலுமாரி, சப்பாத்து, ஜன்னல் போன்ற சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தவை. அந்தச் சொற்களைத் தொட்டுக் காட்டிச் சொல்லும் விளையாட்டில் பேசாத சிறுமி முதல் தடவையாக வாய் திறக்கக்கூடும், ஏனெனில் அவை அவளிடம் ஏற்கனவே இருக்கின்றன.

“நல்ல தமிழ் சொல்லிக்குடுங்க டீச்சர்” என்று பெற்றோர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை பெரும்பாலான தோட்டப் பள்ளிக்கூடங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டன. மேலே படிக்க முடியாமற்போனதற்கும், அலுவலகங்களில் அவமானப்பட்டதற்கும் தங்கள் பேச்சுத்தான் காரணம் என்று அந்த மக்களை நம்பவைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்கும் எழுத்துத் தமிழை முழுமையாகக் கொடுங்கள். அதைக் கொடுப்பதற்காகத் தாயின் பேச்சைப் பற்றிப் பிள்ளைக்கு வெட்கம் ஊட்டவேண்டிய தேவை இல்லை. மாசி மாதத்தில் மலையகத்து நாட்டார் கூத்தான காமன் கூத்துக்குப் பாடும் பெரியவர் ஒருவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பாருங்கள், அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு பாட்டு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதிபர் சொன்ன இரண்டு யோசனைகள்

தரம் 1 இல் இருத்துவது வேண்டாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருத்தினால் கணிதத்தில் இரண்டு ஆண்டுகள் பின்னுக்குப் போவாள், அந்த அவமானத்தில் அவளுடைய மௌனமும் நீளும்.

சிங்களப் பாடசாலைக்கு மாற்றுவதைப் பற்றி நிதானமாக யோசிக்கவேண்டும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் இரண்டில் ஏதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தை அளிக்கிறது. மொழியின் பேரில் பாகுபாடு காட்டுவதை 12ஆம் உறுப்புரை தடுக்கிறது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தமிழ் தெரியாது என்ற காரணத்திற்காக அவளை வெளியேறும்படி நிர்ப்பந்திப்பது பொருத்தமற்றது என்று நான் கருதுகிறேன். எந்த மொழியில் படிப்பது என்பது பெற்றோர் எடுக்கவேண்டிய முடிவு. அதிபரோடு சட்டம் பேசி மோதிக்கொள்ளவும் வேண்டாம். ஆள் பற்றாக்குறையோடு பாடசாலையை நடத்துபவர் எளிய வழியைத் தேடியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே வேளையில், மாற்றுவது எப்போதும் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். தாய் இரண்டாண்டு ஒப்பந்தம் முடித்து வந்ததும் குடும்பம் கொழும்புக்கே திரும்பி, அவள் மறுபடியும் சிங்கள மொழிமூலம் படிப்பாள் என்றால், இடையில் அந்த எழுத்தறிவு தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மாறாக, இனி அப்பாயியோடும் தந்தையின் உறவினரோடும்தான் வாழ்க்கை என்றால், அயலெல்லாம் தமிழாக இருக்கும் இடத்தில் தமிழ்ப் பாடசாலையே அவளுக்குத் தோழிகளைத் தரும். தந்தையை அழைத்து முதலில் இதைக் கேளுங்கள். தாயையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், மொழிக்கு அந்த இருமொழிப் பையனின் தாயின் உதவியை நாடலாம். எந்த முடிவானாலும், கிழமையில் இரண்டு நாள் இரண்டாம் மொழிச் சிங்களம் கற்பிக்க வரும் உங்கள் சக ஆசிரியரிடம் அவள் பத்து நிமிடம் சிங்களத்தில் வாசித்துக் காட்டட்டும். அவளுடைய உண்மையான மட்டம் அப்போதே தெரிந்துவிடும். அந்தக் குறிப்போடு உங்கள் கல்விக் கோட்டத்தின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகரிடம் எழுத்தில் உதவி கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் படிக்கும் நேரத்தில் அவள் உதவியாளராகவும் இருக்கலாம். ஐந்து மாதங்கள் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, தெரிந்தவளாக நிற்கும் அரை மணி நேரம் பெரிய மருந்து.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்

முதலில் செவியைப் பரிசோதியுங்கள். பேசாத எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது சொல்லலாம், அதுவரை காத்திருக்காமல் அப்பாயியோடு கிளினிக்குக்கும் அனுப்பலாம். அடுத்து, வீட்டில் அவள் பேசுகிறாளா என்று அப்பாயியிடம் விசாரியுங்கள். தாயோடு சிங்களத்தில் கலகலப்பாகப் பேசுகிறாள், லயத்துப் பிள்ளைகளோடு ஓடியாடுகிறாள் என்றால் நான் மேலே சொன்னவற்றைச் செய்துகொண்டு பொறுத்திருக்கலாம். தாயோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, இரவில் அலறி விழிக்கிறாள், புதிதாகப் படுக்கையை நனைக்கிறாள் என்றால், அல்லது தமிழ் நன்றாக விளங்கத் தொடங்கிய பிறகும் வகுப்பில் மட்டும் வாய் திறக்கவே மறுக்கிறாள் என்றால், தாமதிக்காமல் சிறுவர் உளநல மருத்துவரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும், பேசு பேசு என்று எழுப்பி நிறுத்திக் கேட்பதை நிறுத்துங்கள். தலையாட்டலும் படமும் விரல் சுட்டலும் இப்போதைக்கு அவளுடைய விடைகளாக இருக்கட்டும்.

கிழித்த தாள்களை எறியாமல் இலாச்சிக்குள் வைத்திருப்பதாக எழுதியிருந்தது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. நாளைக்கு, மற்றப் பிள்ளைகள் வெளியே போன பிறகு, அவற்றை அவளிடமே திருப்பிக் கொடுங்கள். கொப்பியோடு ஒட்டிவிடப் பசையையும் கொண்டுபோங்கள். ‘சமாவென்ன’ என்றால் மன்னித்துக்கொள் என்று பொருள், அவளுக்கு அது விளங்கும். என்ன எழுதினாய் என்று அப்போதே கேட்கவேண்டாம். அவளுக்கு விருப்பம் இருந்தால் சிங்கள ஆசிரியரிடம் வாசித்துக் காட்டட்டும்.